புதிய கிட், பழைய பாடம்: இப்போது தொடங்குபவர்கள் முதல் நாளே மாற்றிக்கொள்ள வேண்டியவை

கிட், அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமித்துவைக்கும் மென்பொருளைக் கற்றுக்கொள்ள இணையத்தில் தேடினால் கிடைக்கும் பாடங்களில் நிறைய பத்து வருடப் பழையவை. அவற்றில் தப்பு எதுவும் இல்லை. அதில் இருக்கும் கட்டளைகள் எல்லாம் இன்றைக்கும் ஓடும், சிக்கலே அதுதான். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுத ஆரம்பித்து, அதே வருடம் ஜூலையில் ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்ததிலிருந்து இந்த மென்பொருள் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறது: யாரோ எங்கோ எழுதிவைத்த பழைய ஸ்கிரிப்ட் நம்மால் உடையக்கூடாது. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பதிப்பு வந்துகொண்டே இருந்தாலும், நல்ல வசதிகள் பலவும் அணைத்துவைத்தபடியேதான் வரும். நீங்கள் போய்ப் போட்டால்தான் எரியும். அப்படிப் போட வேண்டியவை எவை, பழைய பாடத்தில் எதைத் தாண்டிப் போகலாம் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு சின்ன விஷயம். கட்டளைகளை உச்சரிப்பு எப்படியோ அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். ஒரு கோடு போட்ட குறுக்கு வடிவங்களை விட்டுவிட்டு இரண்டு கோடு போட்ட முழுப் பெயர்களையே தருகிறேன். கிட்டில் குறுக்கு வடிவத்தில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் அர்த்தமே மாறும், புதிதாக வருபவர்களுக்கு அந்த வம்பு வேண்டாம்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

"கிட் --வெர்ஷன்" என்று அடியுங்கள். 2.37 அல்லது அதற்கு மேல் வந்தால் இந்தக் கட்டுரையில் இருக்கும் முக்கியமான எல்லாமே உங்களுக்கு வேலை செய்யும். அது 2022 ஜூனில் வந்த பதிப்பு, அதனால் பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை.

உபுண்டுவில்தான் பலருக்குப் பழையது இருக்கும். 20.04-இல் வந்தது கிட் 2.25, 22.04-இல் 2.34, 24.04-இல் 2.43. உபுண்டு தன் களஞ்சியத்தில் பாதுகாப்புத் திருத்தங்களையும் பிழைத்திருத்தங்களையும் மட்டும்தான் சேர்க்கும், புதிய வசதிகளுக்குப் பதிப்பை ஏற்றாது. ஆகவே "ஏபிடி அப்கிரேட்" எத்தனை தடவை அடித்தாலும் அதே எண்தான் நிற்கும். "கிட்-கோர்" என்ற பெயரில் இருக்கும் பிபிஏவை (உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே இருக்கும் கூடுதல் களஞ்சியம்) சேர்த்துவிட்டு மறுபடி நிறுவினால் புதியது வரும். விண்டோஸில் "கிட் அப்டேட்-கிட்-ஃபார்-விண்டோஸ்" என்று ஒரே கட்டளை, அதுவே இறக்கி நிறுவிவிடும். மேக்கில் ஆப்பிள் கொடுக்கும் கிட் ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே ஆப்பிள் பெயர் தெரியும். ஹோம்ப்ரூ வழியாகப் புதியதை நிறுவிய பிறகும் பழைய எண்ணே காட்டினால் டெர்மினலை மூடித் திறந்து பாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் "விச் கிட்" அடித்தால் எந்த இடத்தில் இருக்கும் கிட் ஓடுகிறது என்று சொல்லும், பெரும்பாலும் பாத் வரிசைதான் காரணமாக இருக்கும்.

பெயர், மின்னஞ்சல், மெயின்

பெயரும் மின்னஞ்சலும் எப்படிப் போடுவது என்பது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது, அதை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் இல்லாதது இது:

கிட் கான்ஃபிக் --குளோபல் இனிட்.டிஃபால்ட்பிராஞ்ச் மெயின்

ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 2020 அக்டோபர் 1 முதல் புதிய ரெப்போக்களின் (கிட் கண்காணிக்கும் ஃபோல்டர்கள்) முதல் பிராஞ்சுக்கு (வேலை நடக்கும் கிளை) "மெயின்" என்று பெயர் வைக்கிறது. உங்கள் கணினியில் இருக்கும் கிட் இதை எழுதும் இன்றுவரை தானாக வைப்பது "மாஸ்டர்". பாடத்தில் "மெயினைப் புஷ் செய்யுங்கள்" என்று இருக்கும், நீங்களும் செய்வீர்கள், "ரெஃப்ஸ்பெக் எதனுடனும் பொருந்தவில்லை" என்று ஒரு பிழை வரும், முதல் நாளே பாதிப் பேர் மூடிவைத்துவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். பெயரை நாமே தேர்ந்தெடுக்கும் இந்த அமைப்பு 2020 ஜூலையில் 2.28-இல் வந்தது. ஏற்கெனவே மாஸ்டர் என்று உருவாகிவிட்ட ரெப்போவுக்கு "கிட் பிராஞ்ச் --மூவ் மெயின்" போதும்.

2.46 முதல் "கிட் கான்ஃபிக் செட்", "கிட் கான்ஃபிக் லிஸ்ட்" என்று தெளிவான துணைக்கட்டளைகள் வந்திருக்கின்றன. பழைய வடிவமும் ஓடுகிறது, எல்லாரிடமும் ஓடும் என்பதால் இங்கே பழையதையே எழுதுகிறேன்.

செக்அவுட்டை மறந்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாடம் எல்லாம் செக்அவுட்டைச் சுற்றித்தான் இருக்கும். பிராஞ்ச் மாற அது, புதிய பிராஞ்ச் உருவாக்க அது, ஒரு ஃபைலில் செய்த மாற்றத்தைத் தூக்கிப் போடவும் அதே. முதல் இரண்டும் ஆபத்தில்லாத வேலை. மூன்றாவது, நீங்கள் காலையிலிருந்து எழுதியதைக் கேள்வி கேட்காமல் அழிக்கும் வேலை. இரண்டுக்கும் ஒரே கட்டளை என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: "டெஸ்ட்ஸ்" என்று ஒரு பிராஞ்ச் இருக்கிறது என்று நினைத்து "கிட் செக்அவுட் டெஸ்ட்ஸ்" அடிக்கிறீர்கள். அந்தப் பெயரில் பிராஞ்ச் இல்லை, ஆனால் ஃபோல்டர் இருக்கிறது. கிட் உடனே "சரி, ஃபோல்டரைத்தான் சொல்கிறார்" என்று எடுத்துக்கொண்டு, அந்த ஃபோல்டரில் ஸ்டேஜ் செய்யாமல், அதாவது அடுத்துச் சேமிக்க என்று ஆட் கட்டளையால் எடுத்துவைக்காமல், வைத்திருந்த மாற்றங்களை எல்லாம் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு, இத்தனை பாதைகள் புதுப்பிக்கப்பட்டன என்று ஒரு வரி காட்டும். அவ்வளவுதான்.

2019 ஆகஸ்டில் வந்த 2.23 இதை இரண்டாகப் பிரித்தது. பிராஞ்ச் மாறுவதற்கு ஸ்விட்ச், ஃபைலை மீட்பதற்கு ரிஸ்டோர். ஆறு வருடம் "இது சோதனை நிலையில் இருக்கிறது, மாறலாம்" என்ற வாசகம் கையேட்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது, 2025 ஆகஸ்டில் வந்த 2.51-இல்தான் அதை எடுத்தார்கள். ஆக இப்போது தயங்க ஒன்றுமில்லை.

பழக வேண்டியது இவ்வளவுதான். லாகின் வேலைக்குப் புதிய பிராஞ்ச் வேண்டும் என்றால்:

கிட் ஸ்விட்ச் --கிரியேட் லாகின்

மெயினுக்குத் திரும்ப "கிட் ஸ்விட்ச் மெயின்". கடைசியாக இருந்த பிராஞ்சுக்குப் போக, பெயருக்குப் பதில் ஒரே ஒரு கோடு: "கிட் ஸ்விட்ச் -". கூட வேலை செய்பவர் ரிமோட்டில் (கிட்ஹப் போன்ற வெளி இடத்தில் இருக்கும் பிரதியில்) போட்ட பிராஞ்ச் வேண்டும் என்றால் முதலில் "கிட் ஃபெட்ச்", பிறகு அந்தப் பெயரோடு ஸ்விட்ச், உங்கள் பக்கத்தில் அதே பெயரில் உருவாக்கி இணைத்தும் கொடுத்துவிடும்.

ஸ்விட்சில் எனக்குப் பிடித்தது அது மறுக்கும் இடம். பழைய கமிட் (சேமித்துவைத்த ஒரு நிலை) ஒன்றின் எண்ணைக் கொடுத்து செக்அவுட் அடித்தால் உங்களை எந்தப் பிராஞ்சிலும் இல்லாத நிலைக்கு, அதாவது டிட்டாச்டு ஹெட்டுக்கு, நீளமான ஒரு அறிவுரையோடு கொண்டுபோய் விட்டுவிடும். யாரும் அந்த அறிவுரையைப் படிப்பதில்லை. ஸ்விட்ச் அப்படிப் போக மாட்டேன் என்று நிற்கும், "--டிட்டாச்" என்று நீங்களே சேர்த்தால்தான் போகும். தெரியாமல் அங்கே போய்க் கமிட் போட்டுவிட்டு, பிராஞ்ச் மாறியதும் "என் கமிட் எங்கே" என்று தேடும் கதை இதோடு பெரும்பாலும் முடிந்தது. அப்படியே தொலைந்தாலும் "கிட் ரெஃப்லாக்" அடித்தால் ஹெட், அதாவது நீங்கள் நிற்கும் இடம், எங்கெல்லாம் போய் வந்தது என்று பட்டியல் வரும், எந்தப் பிராஞ்சிலும் சேராத கமிட்டுகளின் தடத்தைக்கூடப் பொதுவாக 30 நாள் வைத்திருக்கும், எடுத்துவிடலாம்.

ரிஸ்டோரில் கொஞ்சம் கவனம் வேண்டும். "கிட் ரிஸ்டோர்" என்று ஃபைல் பெயரோடு அடித்தால், ஸ்டேஜில் எது இருக்கிறதோ அந்த நிலைக்கு ஃபைல் திரும்பும், கடைசிக் கமிட்டுக்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றுமே ஸ்டேஜ் செய்யவில்லை என்றால் இரண்டும் ஒன்றுதான், அதனால் இந்த வித்தியாசம் முதல் சில வாரம் தெரியாது, அப்புறம் ஒருநாள் குழப்பும். "கிட் ரிஸ்டோர் --ஸ்டேஜ்டு" என்றால் ஆட் செய்ததை மட்டும் பின்வாங்கும், ஃபைலில் எழுதியது அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டையும் கடைசிக் கமிட்டுக்கே கொண்டுபோக "--ஸ்டேஜ்டு --வொர்க்ட்ரீ" என்று சேர்த்துக் கொடுங்கள். "--சோர்ஸ்" என்று ஒரு கமிட் எண்ணைக் கொடுத்தால் அந்தக் காலத்து ஃபைலை மட்டும் எடுத்து வரும்.

வெறும் ரிஸ்டோர் அழித்தது அழித்ததுதான். கமிட்டும் ஆகாமல், ஸ்டேஜிலும் ஏறாமல் இருந்த மாற்றத்தை ரெஃப்லாக்கும் தராது, வேறு எதுவும் தராது. சந்தேகம் இருந்தால் முதலில் "கிட் டிஃப்" பார்த்துவிட்டு அடியுங்கள், இல்லை "கிட் ஸ்டாஷ்" போட்டு ஓரமாக வையுங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. "கிட் ஸ்டேட்டஸ்" அடித்தால் எதைப் பின்வாங்க எந்தக் கட்டளை என்று அதுவே அடைப்புக்குறிக்குள் சொல்கிறது, 2.23-க்குப் பிறகு அங்கே ரிஸ்டோர்தான் வருகிறது. உங்களுக்கு இன்னும் செக்அவுட்டோ ரீசெட்டோ சொல்கிறது என்றால் உங்கள் கிட் ரொம்பப் பழசு, மேலே போய்ப் பதிப்பை ஏற்றிவிட்டு வாருங்கள்.

புஷ், புல்

புதிய பிராஞ்சை முதல் தடவை புஷ் செய்தால் "இதற்கு அப்ஸ்ட்ரீம் (இணைந்த ரிமோட் பிராஞ்ச்) இல்லை" என்று திட்டு விழும், நீளமான ஒரு கட்டளையைக் கீழே காட்டி அதை அடி என்று சொல்லும். எல்லாரும் அதை அப்படியே காப்பி செய்து ஒட்டுவார்கள், அடுத்த பிராஞ்சுக்கும் அதே கதை. 2.37-இல் இதற்கு முடிவு வந்தது:

கிட் கான்ஃபிக் --குளோபல் புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட் ட்ரூ

இனி வெறும் "கிட் புஷ்" போதும். பழைய பாடத்தைப் பார்த்துக் கிட்ஹப்பில் கடவுச்சொல் கொடுத்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே போட்டேன் என்று குழம்புபவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல் செல்லாது. டோக்கன் வேண்டும், அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி. விண்டோஸில் கிட்டோடு வரும் கிரெடென்ஷியல் மேனேஜர் பிரவுசரைத் திறந்து அதைப் பார்த்துக்கொள்ளும்.

புல், அதாவது ரிமோட்டில் இருப்பதை இறக்கி உங்களுடையதோடு சேர்ப்பது, கொஞ்சம் தகராறு பிடித்த இடம். உங்கள் பிராஞ்சிலும் புதிய கமிட், ரிமோட்டிலும் புதிய கமிட் என்று இரண்டும் பிரிந்துபோயிருந்தால் பழைய கிட் கேட்காமலே இரண்டையும் இணைக்கும் மெர்ஜ் கமிட் ஒன்றைப் போட்டுவிடும். 2020-இல் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தார்கள். இப்போதைய பதிப்புகள் "எப்படிச் சேர்ப்பது என்று நீயே சொல்" என்று நின்றேவிடும். அங்கே மூன்று வழி காட்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவதாகக் காட்டும் இது:

கிட் கான்ஃபிக் --குளோபல் புல்.எஃப்எஃப் ஒன்லி

நேராக முன்னே நகர முடிந்தால் நகரும், பிரிந்திருந்தால் நிற்கும். நின்றதும் "கிட் லாக் --கிராஃப் --ஆல்" அடித்து என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள், பிறகு உங்கள் கமிட்டுகளைப் புதியவற்றின் மேல் தூக்கி வைக்க "கிட் புல் --ரீபேஸ்" என்று கையால் கொடுங்கள். கையால் கொடுப்பது அந்த அமைப்பை மீறி வேலை செய்யும். எப்போதும் ரீபேஸ் என்று அமைத்துக்கொள்ளலாமே என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். சொல்லட்டும், ரீபேஸ் நடுவில் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தை இரு பக்கமும் வேறு வேறாக மாற்றியதால் வரும் மோதல்) வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த பிறகு மாற்றிக்கொண்டால் போதும். அதுவரை "கிட் ரீபேஸ் --அபார்ட்" அடித்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கூடவே "ஃபெட்ச்.ப்ரூன்" ட்ரூ என்று போட்டுவிடுங்கள், ரிமோட்டில் அழிந்துபோன பிராஞ்சுகளின் நிழல்கள் உங்கள் பட்டியலில் சேராது.

கான்ஃப்ளிக்ட் வந்தால் மூன்றாவது பகுதியைப் பாருங்கள்

மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்றாலே கை நடுங்குவதற்கு ஒரு காரணம், கிட் காட்டும் தகவல் பாதிதான் என்பது. வழக்கமான முறையில் உங்கள் பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே, நடுவில் ஏழு சமக்குறி:

<<<<<<<
கட்டணம் = 50
தள்ளுபடி = 5
=======
கட்டணம் = 45
>>>>>>>

இதைப் பார்த்து என்ன முடிவெடுப்பீர்கள்? தள்ளுபடி வரியை நீங்கள் சேர்த்தீர்களா, அல்லது ஏற்கெனவே இருந்ததை அவர் எடுத்தாரா? இரண்டுக்கும் சரியான விடை வேறு வேறு. நீங்கள் சேர்த்தது என்றால் வைக்க வேண்டும், அவர் காரணத்தோடு எடுத்தது என்றால் போக வேண்டும். இங்கே அது தெரியவே தெரியாது. இப்போது இதைப் போடுங்கள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் இசட்டிஃப்3

கடைசிச் சொல்லை இசட் எழுத்தோடு டிஃப்3 சேர்த்து ஒரே சொல்லாக அடியுங்கள். அடுத்த கான்ஃப்ளிக்ட் இப்படி வரும்:

<<<<<<<
கட்டணம் = 50
தள்ளுபடி = 5
|||||||
கட்டணம் = 40
தள்ளுபடி = 5
=======
கட்டணம் = 45
>>>>>>>

நடுவில், நேர்க்கோடுகளுக்குக் கீழே இருப்பது இருவரும் பிரிவதற்கு முன் இருந்த வரிகள். ஆக, 40-ஐ நீங்கள் 50 ஆக்கினீர்கள், தள்ளுபடியை நீங்கள் தொடவே இல்லை. அவர் 45 ஆக்கியதோடு தள்ளுபடியையும் எடுத்திருக்கிறார். இனி அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி தெளிவு: கட்டணம் 50-ஆ 45-ஆ? தள்ளுபடியை ஏன் எடுத்தீர்கள்? ஒவ்வொரு பக்கத்தையும் நடுப்பகுதியோடு ஒப்பிட்டு, யார் என்ன செய்ய நினைத்தார்கள் என்று பார்த்து இரண்டு நோக்கமும் நிற்கிற மாதிரி எழுத வேண்டும், அவ்வளவுதான் கான்ஃப்ளிக்ட் தீர்ப்பது. மூன்று பகுதி காட்டும் முறை ரொம்ப நாளாக இருக்கிறது. 2022 ஜனவரியில் 2.35-இல் வந்த இந்த இசட் வடிவம், இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்றிய வரிகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் கான்ஃப்ளிக்டிலிருந்து வெளியே தள்ளிவிடும். படிக்க வேண்டியது குறையும்.

மெர்ஜ் செய்யும் இயந்திரமே மாறியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். எலைஜா நியூரன் புதிதாக எழுதிய ஓஆர்டி என்ற முறை 2021 நவம்பரில் 2.34 முதல் தானாகவே பயன்படுகிறது. ஃபைல்களைப் பெயர் மாற்றி, ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் நகர்த்திய ரெப்போக்களில் மெர்ஜும் ரீபேஸும் முன்பைவிட மிக வேகம். இதற்கு நீங்கள் எதுவும் போட வேண்டியதில்லை.

"இந்த ஃபோல்டரின் உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர்"

யுஎஸ்பியில் கொண்டுவந்த ரெப்போவிலோ, டாக்கர் கன்டெய்னருக்குள்ளோ, சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு குளோன் செய்த, அதாவது பிரதி இறக்கிய, ஃபோல்டரிலோ திடீரென்று இந்த அர்த்தத்தில் ஒரு பிழை வந்து எந்தக் கட்டளையும் ஓடாமல் நிற்கும். 2022 ஏப்ரலில் 2.35.2-இல் வந்த பாதுகாப்பு மாற்றம் இது. பலர் பயன்படுத்தும் கணினியில் வேறு ஒருவர் மேல் ஃபோல்டரில் ஒரு ரெப்போவை வைத்து, அதன் அமைப்புகள் வழியாக உங்கள் பெயரில் தன் நிரலை ஓட்டிவிட முடியும் என்பதால், ஃபோல்டர் உங்களுடையதாக இல்லாவிட்டால் கிட் தொடாது. சூடோவால் வந்த வினை என்றால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மற்றபடி பிழைச் செய்தியே காட்டும் "சேஃப்.டைரக்டரி" வரியை அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கச் சொல்லும் பதில்கள் நிறைய கிடைக்கும், உங்கள் சொந்த மடிக்கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

பெரிய ரெப்போ என்றால்

குளோன் ஆகவே மணிக்கணக்கு ஆகிறது என்றால் "கிட் குளோன் --ஃபில்டர்=பிளாப்:நன்" என்று போடுங்கள். வரலாறு முழுக்க வரும், பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும். நெட் இல்லாத இடத்தில் பழையதைத் திறந்தால் அதனால் நிற்கும், ரயிலில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சில ஃபோல்டர்கள் மட்டும் போதும் என்றால் 2.25-இல் வந்த "கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் செட்" இருக்கிறது. தினமும் திறக்கும் ரெப்போவுக்குள் ஒரு தடவை "கிட் மெயின்டெனன்ஸ் ஸ்டார்ட்" அடித்துவிட்டால் பின்னணியில் சுத்தம் செய்வது, முன்கூட்டியே ஃபெட்ச் செய்வது எல்லாம் நடக்கும். சின்ன ரெப்போவுக்கு இவை எதுவும் வேண்டாம்.

புதிய பதிப்பு வரும்போது எதைப் படிப்பது

ஒவ்வொரு பதிப்புக்கும் கிட்டின் மூல நிரலிலேயே, டாக்குமென்டேஷன் ஃபோல்டருக்குள் வெளியீட்டுக் குறிப்பு ஒன்று இருக்கும். முழுதும் படித்தால் தலை சுற்றும். பழையவற்றோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் இருந்தால் அதை உச்சியிலேயே சொல்வார்கள், அதையும் பயனர் தொடர்பான முதல் பகுதியையும் மட்டும் பாருங்கள். உள்கட்டமைப்பு பற்றிய பகுதியையும் பிழைத்திருத்தப் பட்டியலையும் தைரியமாகத் தாண்டலாம்.

அடுத்த பெரிய திருப்பம் 3.0. வழக்கத்துக்கு மாறாகப் பழைய இயல்புகள் சிலவற்றை மாற்றப் போவதாகவே திட்டம் சொல்கிறது: புதிய ரெப்போவின் முதல் பிராஞ்ச் மெயின், பிராஞ்ச் பெயர்களைச் சேமிக்க ரெஃப்டேபிள் என்ற வடிவம், கமிட் எண்ணை உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட எஸ்ஹெச்ஏ-1 என்ற முறைக்குப் பதில் எஸ்ஹெச்ஏ-256. கடைசி மாற்றத்துக்குப் பின்னணி, 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து ஒரே எஸ்ஹெச்ஏ-1 எண் வரும் இரண்டு வேறு வேறு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டியது. அந்தத் தாக்குதலைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வடிவத்துக்கு கிட் அதே வருடம் மாறிவிட்டது, ஆகவே இன்று உங்கள் ரெப்போவுக்கு அவசர ஆபத்து எதுவும் இல்லை. புதிதாக உருவாக்கும் ரெப்போக்களுக்குத்தான் இந்த இயல்புகள், ஏற்கெனவே இருப்பவை அப்படியே இருக்கும்.

இப்போதே பார்க்க ஆசை என்றால் காலியான ஃபோல்டர் ஒன்றில் "கிட் இனிட் --ஆப்ஜெக்ட்-ஃபார்மட்=எஸ்ஹெச்ஏ256" அடித்து, ஒரு கமிட் போட்டு "கிட் லாக்" பாருங்கள். 40 எழுத்தாக இருந்த கமிட் எண் 64 எழுத்தாக நீண்டிருக்கும். உங்கள் ஆபீஸில் கமிட் எண் என்றால் 40 எழுத்துதான் என்று நம்பி யாராவது எழுதிவைத்த ஸ்கிரிப்ட்டோ டேட்டாபேஸ் நெடுவரிசையோ இருந்தால், அதைத் தேடிக் குறித்துவைக்க இது நல்ல சமயம்.